கடை யாருடையது, கை யாருடையது

கலிஃபோர்னியாவில் உங்களிடம் எத்தனை கோடி டாலர் இருந்தாலும் சரி, மருத்துவ லைசென்ஸ் இல்லை என்றால் போடாக்ஸ் ஊசி போடும் ஒற்றை அறைக் கடைக்குக்கூடத் தனி முதலாளி ஆக முடியாது. ஒரு டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்து நடத்திக்கொள்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். 2012-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, தெரிந்தே அப்படி நடத்துவது கிரிமினல் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அபராதம் 50,000 டாலர் வரையோ, மோசடித் தொகையின் இரு மடங்கு வரையோ போகலாம். நாட்டின் மறுகோடியில், ஃப்ளோரிடாவில், இந்தத் தடையே கிடையாது. வீட்டுமனைத் தரகர் திறக்கலாம், ஓட்டல்காரர் திறக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பாமல் வாடிக்கையாளரிடமே கையோடு காசு வாங்கும் கடை என்றால், மாநிலத்தின் கிளினிக் லைசென்ஸும் வேண்டாம். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு எந்த இன்சூரன்ஸும் பணம் தருவதில்லை. ஆகவே அங்கே பெரும்பாலான மெடிக்கல் ஸ்பாக்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன.

ஒரே மருந்து, ஒரே ஊசி, ஒரே நெற்றிச் சுருக்கம். இரண்டு மாநிலங்களும் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. இதில் எது சரி என்பதுதான் வழக்கமாக நடக்கும் வாதம். எனக்கோ இரண்டுமே தவறான கேள்விக்கு எழுதிய விடைகளாகப் படுகின்றன.

மெடிக்கல் ஸ்பா என்பது பாதி அழகு நிலையம், பாதி மருத்துவமனை. மெல்லிய இசை, வாசனை மெழுகுவர்த்தி, வரவேற்பறையில் எலுமிச்சை மிதக்கும் தண்ணீர். உள்ளறையில் போடாக்ஸ், உதட்டையும் கன்னத்தையும் நிரப்பும் ஃபில்லர், முடி நீக்கும் லேசர், தோலை உரிக்கும் ரசாயனப் பூச்சு, வைட்டமின் டிரிப். இப்போது உடல் எடை குறைக்கும் ஊசிகளும் சேர்ந்துகொண்டன. புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போடலாம் என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது 2002-இல். அதற்குப் பிறகு இந்தத் தொழில் தறிகெட்டு வளர்ந்தது. 2023-இல் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் மெடிக்கல் ஸ்பாக்கள் இருந்ததாகத் தொழில் சங்கமே கணக்குச் சொல்கிறது. இதை ஒரே கையில் பிடிக்கும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. மருந்தும் கருவியும் எஃப்டிஏ பொறுப்பு. யார் நடத்தலாம், யார் குத்தலாம் என்பதெல்லாம் ஐம்பது மாநிலங்களின் பொறுப்பு.

ஒரு சட்டத்தை எடைபோட அதன் வாசகத்தைப் படித்தால் போதாது. உண்மையில் மனிதர்கள் எப்படிக் காயப்பட்டார்கள் என்று பார்த்துவிட்டு, இந்தச் சட்டம் அந்தக் காயத்தைத் தடுத்திருக்குமா என்று கேட்க வேண்டும். அந்த அளவுகோலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கலிஃபோர்னியாவின் பக்கம். டாக்டர் அல்லாத கம்பெனி மருத்துவம் பார்க்கக்கூடாது என்ற கோட்பாடு நூறாண்டுப் பழசு. சுரங்கக் கம்பெனிகளும் ரயில்வே கம்பெனிகளும் தங்கள் தொழிலாளருக்கென்று டாக்டர்களை வேலைக்கு வைத்தபோது, அந்த டாக்டர் நோயாளிக்கு விசுவாசமாக இருப்பாரா, முதலாளிக்கா என்ற சந்தேகம் எழுந்தது. நியாயமான சந்தேகம். மெடிக்கல் ஸ்பாவில் அது இன்னும் நியாயம். இங்கே வருகிறவர் நோயாளி இல்லை, வாடிக்கையாளர். அவருக்கு வேண்டாத ஒன்றை விற்பதில்தான் லாபம். ‘இன்றைக்கு இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் வேலை போகக்கூடாது. இன்னொன்று: டாக்டரிடம் பறிக்க ஒரு லைசென்ஸ் இருக்கிறது. வெறும் பணக்காரரிடம் மருத்துவ வாரியம் எதைப் பறிக்கும்? உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதங்களில் பலமானது இதுதான்.

அதனால் கலிஃபோர்னியாவில் மருத்துவ நிறுவனத்தின் பங்குகளில் குறைந்தது 51 சதவீதம் டாக்டர்களிடம் இருக்க வேண்டும். மீதியை நர்ஸ் போன்ற லைசென்ஸ் உள்ள சிலர் வைத்துக்கொள்ளலாம். வெளியாள் ஒரு பங்குகூட வைக்க முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வெளியாள் ஒரு நிர்வாகக் கம்பெனி தொடங்குகிறார். கட்டடம், கருவி, விளம்பரம், கணக்கு, வரவேற்பறை ஊழியர், கடையின் பெயர்கூட அந்தக் கம்பெனியுடையது. டாக்டர் பெயரில் தனியாக ஒரு மருத்துவ நிறுவனம் இருக்கும். அது நிர்வாகக் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்தும். கட்டணம் போக டாக்டருக்கு மிஞ்சுவது, பெயரைக் கொடுத்ததற்கான தொகை. டாக்டர் முரண்டு பிடித்தால் அவருடைய பங்குகளை இன்னொரு டாக்டருக்கு மாற்றும்படி முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம். இதற்கு நம் ஊரில் ‘பினாமி’ என்று பெயர். அமெரிக்க வக்கீல்கள் மரியாதையாக வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக வரைந்தால் இது பல மாநிலங்களில் சட்டப்படி செல்லும் ஏற்பாடு. சில இடங்களில் கட்டணத்தை வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைக்கலாம். நியூயார்க், இல்லினாய் போன்ற இடங்களில் அப்படி வைத்தால் சிக்கல், ஆகவே நிலையான தொகை என்று எழுதிக்கொள்கிறார்கள். வக்கீல் பீஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கலிஃபோர்னிய மருத்துவ வாரியத்துக்கு இது தெரியாமலில்லை. டாக்டர்கள் லைசென்ஸை ‘வாடகைக்கு விடுகிறார்கள்’ என்று வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. மருந்துக்கடைச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிய சர்டிஃபிகேட் ஒருவருடையது, கவுன்ட்டரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை வேறொருவருடையது என்ற காட்சியைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரெகன் மாநிலம் 2025-இல் இந்த நிர்வாகக் கம்பெனி ஓட்டையைக் கடுமையாக அடைத்துச் சட்டம் போட்டது. துணிச்சலான முயற்சி. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் டாக்டர்களின் கிளினிக்குகளை விழுங்குவதில் இருக்கிறது. ஸ்பா அறையில் ஊசி பிடிக்கும் கைக்கு அது பதில் சொல்வதில்லை.

இனி காயங்களுக்கு வருகிறேன்.

2018, நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரம். போதை ஊசி போட்டுக்கொள்ளாத, ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஒரு பெண்ணுக்கு எச்ஐவி. அவர் சொன்ன ஒரே ஊசி, ஒரு ஸ்பாவில் செய்துகொண்ட ‘வேம்பயர் ஃபேஷியல்’: சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்து, நுண்ணூசிகளால் முகத்தில் திரும்பச் செலுத்துவது. சோதனைக்குப் போனவர்கள் கண்டதை நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2024-இல் வெளியிட்டது. பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் கிடந்தன. ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு ரத்தக் குழாய்களும் ஊசி மருந்துகளும். மேசை இழுப்பறையில், மேடையில், குப்பைக்கூடையில் எல்லாம் உறை பிரித்த சிரிஞ்சுகள். யார் யார் வந்துபோனார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவுகூட இல்லை. தொற்றுக்கு ஆளானவர்களைத் தேடிப் பிடிக்கவே அதிகாரிகள் திண்டாடினார்கள். அழகு ஊசி வழியாக எச்ஐவி பரவியதாக ஆவணமான முதல் நிகழ்வு இது. உரிமையாளர் லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2022-இல் சிறைக்குப் போனார்.

இதை உரிமைச் சட்டம் தடுத்திருக்குமா? மாட்டாது. அந்தக் கடை ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியேதான் நடந்தது. இன்னொரு தடைச் சட்டம் அவரை என்ன செய்திருக்கும்? தடுத்திருக்கக்கூடியது ஒன்றுதான்: யாராவது ஓர் இன்ஸ்பெக்டர் ஒருமுறை உள்ளே போய் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் ஒன்று. 2004 நவம்பர், ஃப்ளோரிடா. மருத்துவ லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டிருந்த ஒருவர், ஆய்வுக்கூட உபயோகத்துக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தாதே என்று எழுதி விற்கப்பட்ட, போடாக்ஸின் மூலப்பொருளான பாட்டுலினம் நச்சைத் தனக்கும் இன்னும் மூவருக்கும் முகத்தில் போட்டார். நால்வரும் வாதம் வந்ததுபோல் முடங்கி, மூச்சுக் கருவியில் கிடந்தார்கள். அவர் மருத்துவம் படித்தவர். இத்தனைக்கும் அந்த நச்சை நாடெங்கும் வாங்கியவர்களில் லைசென்ஸ் உள்ள டாக்டர்களும் இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. டாக்டர் முதலாளியாக இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் விழுந்த அடி இது.

கள்ளச் சரக்கு அதோடு ஒழியவில்லை. 2024 ஏப்ரலில் சிடிசி வெளியிட்ட கணக்குப்படி 11 மாநிலங்களில் 22 பேர் போலி அல்லது தவறாகக் கையாண்ட போடாக்ஸால் பாதிக்கப்பட்டார்கள். 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எஃப்டிஏ அந்தப் போலிப் பெட்டியின் அடையாளங்களை வெளியிட்டது. பெட்டியில் 150 யூனிட் என்று அச்சாகியிருந்தது. அசல் கம்பெனி 150 யூனிட் குப்பியே செய்வதில்லை. மருந்தின் முழுப்பெயரும் மாறியிருந்தது. பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைத் திருப்பிப் பார்க்கும் கடமை யாருக்கு? அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கும் சட்டம்தான் பயனுள்ள சட்டம்.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு களிம்பு. லேசரால் முடி நீக்கும்போது சுரீர் என்று வலிக்கும். அதற்கு மரத்துப்போகும் களிம்பு தடவச் சொல்வார்கள். 22, 25 வயதான இரண்டு பெண்கள், கொடுத்தனுப்பிய களிம்பைக் கால்களில் பூசி, சொன்னபடியே மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். தாளுக்குள் சூடேறி மருந்து ரத்தத்தில் கலந்தது. வலிப்பு, கோமா, மரணம். 2007-இல் எஃப்டிஏ இதைச் சொல்லி எச்சரித்தது. லேசர் அவர்களைத் தொடக்கூட இல்லை. லேசரை யார் பிடிக்கலாம், கடை யார் பெயரில் இருக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதிய சட்டங்கள் எதுவும் அந்தக் களிம்புக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் எதிரே நிற்கவில்லை. எவ்வளவு மருந்து, எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். இந்த முதல் பரிசோதனையைப் பல மாநிலங்கள் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன: டாக்டரோ, மருத்துவ உதவியாளரான பிஏவோ, உயர்நிலை நர்ஸோ செய்ய வேண்டும். ஆனால் பல இடங்களில் அதை வீடியோ அழைப்பிலேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல விதி, திரை வழியே இரண்டு கேள்வியோடு முடிந்தால் சடங்கு.

அப்படியானால் கைதான் கேள்வி என்றால், டாக்டர் அல்லாத கைகள் உண்மையில் அதிக ஆபத்தா? 2013-இல் ஜாமா டெர்மடாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, 1999 முதல் 2012 வரை லேசர் சிகிச்சை தொடர்பான 175 வழக்குகளைப் பார்த்தது. அதில் 75 வழக்குகள் டாக்டர் அல்லாதவர் இயக்கிய லேசரைப் பற்றியவை. அந்தப் பங்கு 2008-இல் 36 சதவீதம், 2011-இல் 78 சதவீதம். தோல் டாக்டர்கள் இந்த எண்ணை வாள்போல் வீசுகிறார்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும். வழக்கு வேறு, காயம் வேறு. வழக்கு எண்ணிக்கை கூடுவதற்கு அத்தகைய கடைகள் பெருகியதே போதும். எழுதியவர்களும் தோல் மருத்துவத் துறைக்காரர்கள்தான், போட்டித் தொழிலில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆனாலும் அதே ஆய்வில் ஒரு தகவலைத் தள்ளிவிட முடியாது: டாக்டர் அல்லாதவர் மீதான வழக்குகளில் 64 சதவீதம், வழக்கமான மருத்துவ இடத்துக்கு வெளியே, அதாவது ஸ்பா போன்ற இடங்களில் நடந்த சிகிச்சை பற்றியவை. வழக்கமான மருத்துவ இடங்களிலிருந்து வந்தவை அதைவிடக் குறைவு. ஆக, நர்ஸின் கையைவிட, அந்தக் கைக்குப் பின்னால் யாரும் இல்லாததே ஆபத்து என்று நான் படிக்கிறேன். ஃபில்லர் தவறி ரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், கண் பார்வைகூடப் போகலாம். அதைக் கரைக்கும் மாற்று மருந்தை உடனே போட வேண்டும். அந்த நேரத்தில் பங்குப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன?

டெக்ஸாஸ் இந்தக் குழப்பத்தின் கண்ணாடி. அங்கே டாக்டர் தன் வேலையைத் ‘தகுதியும் பயிற்சியும் உள்ளவர்’ யாருக்கும் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கப்படுபவருக்கு லைசென்ஸ் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2009-இல் போட்ட சட்டப்படி லேசரால் முடி நீக்கும் கடைக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். அதை இயக்குபவருக்கும் பயிற்சி நிலைக்கேற்ப சான்றிதழ் வேண்டும். அதே கடையில் பக்கத்து அறையில் பாட்டுலினம் நச்சை ஊசியில் ஏற்றினால் அந்த அறைக்கு அப்படியொரு கடை லைசென்ஸ் தேவையில்லை. 2023-இல் டெக்ஸாஸின் ஒரு சிற்றூரில் வைட்டமின் டிரிப் ஏற்றிக்கொண்ட ஒரு பெண் இறந்தார். டிரிப் ஏற்றியவருக்கு மருத்துவ லைசென்ஸ் இல்லை, மேற்பார்வை டாக்டர் இருந்தது தொலைதூர ஊரில் என்பது குற்றச்சாட்டு. அதன் விளைவாக அவர் பெயரில் வந்த ‘ஜெனிஃபர் சட்டம்’ 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டிரிப்பை யார் எழுதிக் கொடுக்கலாம், யார் ஏற்றலாம் என்று அது வரையறுக்கிறது. மசோதா முதலில் அழகு சிகிச்சைகள் அனைத்தையும் தொடும்படி அகலமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. தொழில் தரப்பின் எதிர்ப்பில் சுருங்கிச் சுருங்கி டிரிப்பில் வந்து நின்றது. செத்தவர் எதனால் செத்தாரோ அதற்கு மட்டும் சட்டம். ஃபில்லரால் ஒருவர் செத்தால் அடுத்த சட்டம் வரும்போலிருக்கிறது.

மேரிலாந்தின் கதை இதைவிடத் தெளிவு. 2012-இல் ஒரு மெடிக்கல் ஸ்பாவில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கடும் தொற்று வந்து ஒருவர் இறந்தார். பார்த்தால், அந்த இடத்துக்கு மாநில அறுவை மைய லைசென்ஸே இல்லை. காரணம், அவர்கள் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதில்லை. லைசென்ஸ் முறையே இன்சூரன்ஸை ஒட்டி எழுதப்பட்டிருந்தது. ரொக்கம் வாங்கினால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டே மேரிலாந்து சட்டத்தைத் திருத்தி, அழகு அறுவை நடக்கும் இடங்களையும் லைசென்ஸுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பாடத்தை ஃப்ளோரிடாவின் கிளினிக் சட்டம் இன்னும் படிக்கவில்லை.

இத்தனைக்கும் ஃப்ளோரிடாவில்தான் நான் பார்த்தவற்றில் புத்திசாலித்தனமான ஒரு விதியும் இருக்கிறது. 2006-இல் வந்தது. டாக்டர் நேரில் இல்லாமல் உயர்நிலை நர்ஸோ பிஏவோ தோல் சிகிச்சை நடத்தும் இடத்துக்கு மேற்பார்வை செய்பவர் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவையிலோ தேர்ந்தவராக இருக்க வேண்டும். தன் சொந்த இடத்தைத் தவிர இன்னும் ஒரே ஓர் இடத்தைத்தான் அவர் மேற்பார்க்கலாம். அந்த இடம் 25 மைலுக்குள்ளோ அடுத்த கவுண்டியிலோ இருக்க வேண்டும். எப்படியும் 75 மைலைத் தாண்டக்கூடாது. முதலாளி யார் என்று இந்த விதி கேட்கவே இல்லை. யார் பொறுப்பு, அவருக்கு இந்த வேலை தெரியுமா, எத்தனை இடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், கூப்பிட்டால் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறது. வாடகை லைசென்ஸுக்கு இதைவிட நேரான அடி கிடையாது. மயக்க மருந்து டாக்டரோ குழந்தை டாக்டரோ பத்துக் கடைக்குப் பெயர் கொடுக்க இங்கே இடமில்லை. கலிஃபோர்னியாவின் சிறைத் தண்டனையைவிட இந்த 75 மைல் அதிகம் காப்பாற்றும் என்பது என் கணிப்பு.

உரிமைச் சட்டத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் எடையில் சேர்க்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியுள்ள பெரும் முதலீட்டாளர் பினாமி ஏற்பாட்டோடு உள்ளே வந்துவிடுகிறார். பத்தாண்டு ஊசி அனுபவமுள்ள நர்ஸ், சொந்தக் கடை வைக்க நினைத்தால் டாக்டர் ஒருவரின் கையெழுத்துக்கு மாதத் தொகை கட்டியே ஆக வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உயர்நிலை நர்ஸ்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே மருத்துவம் பார்க்க உரிமை பெற்றுவிட்ட காலத்தில் இது பாதுகாப்பா, கப்பமா? கப்பம் என்றுதான் சொல்வேன். இதற்காக ஃப்ளோரிடா வழியில் கதவை முழுதாகத் திறந்துவிடலாம் என்பதையும் ஏற்கமாட்டேன். கடை எங்கே இருக்கிறது என்றே மாநிலத்துக்குத் தெரியாத இடத்தில் மேற்பார்வை விதி எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், புகார் வந்த பிறகுதான் உயிர் பெறும்.

ஆகவே தீர்ப்பு இது. உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் விற்பனை அழுத்தத்துக்கு எதிரான பலவீனமான வேலி; நோயாளியின் பாதுகாப்புச் சட்டமாக அது தோற்றுவிட்டது. வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளட்டும், அதைக் காட்டிக் கடமை முடிந்தது என்று மாநிலங்கள் உட்கார்ந்துவிடக்கூடாது. ஊசி போடும் ஒவ்வொரு இடத்துக்கும், காசு எப்படி வாங்கினாலும், மேரிலாந்து செய்ததுபோல் லைசென்ஸ். சொல்லாமல் வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும் சோதனை. ஃப்ளோரிடா போல் தூரமும் எண்ணிக்கையும் வரையறுத்த மேற்பார்வை. வாங்கிய ஒவ்வொரு குப்பிக்கும் லாட் எண்ணோடு பதிவு. இந்த நான்கும் இருக்கும் மாநிலத்தில் கடை முதலாளி யாராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இது அமெரிக்காவின் கவலை மட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூனுக்கான லைசென்ஸ்தான் என்று பிறகு தெரிந்தது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வாசகர் யாராவது இப்படி ஓர் இடத்துக்குப் போவதானால், சோபாவில் சாய்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஊசி போடப்போகிறவரின் முழுப்பெயர் என்ன, மேற்பார்வை டாக்டர் இந்த நிமிடம் எந்த ஊரில் இருக்கிறார், மருந்துப் பெட்டியைக் காட்ட முடியுமா. பெயர் கிடைத்தால் அந்த மாநில மருத்துவ வாரியத்தின் அல்லது நர்ஸிங் வாரியத்தின் தளத்தில் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று காசு இல்லாமல் பார்த்துவிடலாம். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.